பழைய பிக்-அப் வண்டியின் சூடும் கியர்க் கோளாறும்

திண்டுக்கல் வட்டாரத்தில் விளைபொருளுக்குக் கிடைக்கும் விலையை நிர்ணயிப்பவை மழையும் சந்தையும் மட்டுமல்ல. அப்பொருளை உரிய வேளையில் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டிக்கும் அதில் பங்கு உண்டு. நிலக்கோட்டைப் பகுதியின் மல்லிகை, வெயில் ஏறுமுன் பூச்சந்தையை அடைய வேண்டும். அய்யலூர்ப் பக்கத்துத் தக்காளி ஒரு பகல் முழுவதும் வழியில் நின்றுவிட்டால் பாதி விலைக்கும் போகாது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் காய்கறி, அங்கிருந்து கேரளத்துக்கு லாரிகள் புறப்படுமுன் போய்ச் சேர வேண்டும். சிறுமலையின் வாழைத்தார்களோ கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு இறங்கியாக வேண்டும்.

மாட்டு வண்டிகள் செய்து வந்த இவ்வேலையில் பெரும் பகுதியை இன்று பிக்-அப் வண்டிகள் செய்கின்றன. அவற்றுள் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிக் கைமாறி வந்தவை. பழைய வண்டி என்பதால் அது பயனற்றதாகிவிடாது. முறையாகப் பேணினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அத்தகைய வண்டிகளை அடிக்கடி வழியில் நிறுத்திவிடும் நோய்கள் இரண்டு உள. ஒன்று, எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுதல். மற்றொன்று, எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் கிளச்சு, கியர் பெட்டி முதலியவற்றின் கோளாறு. இவ்விரண்டிலும் பணம் விரயமாவதற்கு முதற் காரணம், பழுது இன்னதென்று அறியுமுன்னரே உறுப்புகளை மாற்றத் தொடங்குவதேயாகும். வண்டியே தன் நோயைச் சொல்லும். அதைக் கேட்டறியும் முறையை இங்குக் காண்போம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பம் முழுவதும் வண்டியை இழுக்கப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கை எஞ்சினைச் சுற்றியோடும் நீரும் எண்ணெயும் வாங்கி வெளியேற்ற வேண்டும். வாட்டர் பம்ப் இந்நீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றச் செய்கிறது. விசிறியும் எதிர்க்காற்றும் ரேடியேட்டரைக் குளிர்விக்கின்றன. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் சிறிய வால்வு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். பல வண்டிகளில் நீரின் சூடு 80 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் திறக்கத் தொடங்கும்.

ரேடியேட்டரின் மூடியை வெறும் மூடியென்று பலர் எண்ணிவிடுகின்றனர். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமே அதிலும் உள்ளது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக நிற்கும்போது, நீர் 118 டிகிரியை நெருங்கும் வரை கொதிப்பதில்லை. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மலைக்குச் செல்லும் வண்டிகளுக்கு இது மேலும் முக்கியம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பழுதான வண்டி சமவெளியில் குறையின்றி ஓடிவிட்டு, மலை ஏறும்போது மட்டும் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கிணற்று நீரும் ரேடியேட்டரும்

நம் வட்டாரத்தின் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் கிடைப்பது கடின நீர். அந்நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர். அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகிறது. படிவு ஏற ஏற நீரோட்டம் குறையும். உலோகத்தின் சூடு நீருக்குச் செல்வதும் தடைப்படும். பல மாதங்கள் கிணற்று நீரையே ஊற்றி ஓட்டிய வண்டி ஒரு சித்திரை மாதத்தில் திடீரென்று கொதித்தால், அந்நோய் அன்று வந்ததன்று. குடம் குடமாகச் சேர்ந்து வந்ததாகும்.

ஆகவே ரேடியேட்டரில் கூலண்ட் என்னும் திரவத்தையே நிரப்புதல் நலம். நம் ஊரில் நீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று சிலர் கேட்பர். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டிய அதன் மற்ற வேலைகளாகும். நீர் கலக்கத் தேவையில்லாத வகையும் உண்டு. நீர் கலக்க வேண்டிய வகையும் உண்டு. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தறிந்து, கலக்க வேண்டியதாயின் காய்ச்சி வடித்த நீரையே சேர்க்க வேண்டும். வழியில் அவசரம் நேர்ந்தால் சுத்தமான மழைநீர் கிணற்று நீரினும் மேலானது. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சுத்தமான கலத்தில் பிடித்து வடிகட்டிய மழைநீர் சில லிட்டர் வண்டியில் இருப்பது நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் இனிப்புச் சுவையுடையது. ஆயினும் கொடிய நஞ்சு. வடித்தெடுத்த பழைய கூலண்டைத் திறந்த சட்டியில் வைத்துவிட்டால் நாயோ, கன்றோ, குழந்தையோ அதைக் குடித்துவிடக்கூடும். அதைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டுதலும் கூடாது.

எப்போது சூடேறுகிறது என்பதே முதற் கேள்வி

வைத்தியர் நோயாளியிடம் காய்ச்சல் எந்த வேளையில் வருகிறது என்று கேட்பது போல, வண்டி எந்த நிலையில் சூடேறுகிறது என்பதை ஓட்டுபவர் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்ததாகும்.

சந்தை வாசலிலோ ரயில்வே கேட்டிலோ நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால், குறை பெரும்பாலும் விசிறியில் இருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று அக்குறையை மறைத்துவிடுகிறது. பெல்ட் தளர்ந்துள்ளதா, மின்விசிறியாயின் அது சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால், பல வண்டிகளில் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்குவது சரியான அளவாகும்.

நிற்கும்போது குறையின்றி இருந்து, பாரத்துடன் வேகமாக ஓடும்போதோ மேடு ஏறும்போதோ மட்டும் சூடேறினால், வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் குறைந்துள்ளது என்று பொருள். ரேடியேட்டரின் உள்ளே படிவு, வெளியே அடைப்பு, நீர்க் குறைவு, வாட்டர் பம்பின் தேய்வு, முழுதும் திறவாத தெர்மோஸ்டாட் ஆகியவற்றை இவ்வரிசையில் ஆராய வேண்டும். வெளி அடைப்பை நீக்கக் காசு செலவில்லை. சோளத் தூசியும் வைக்கோல் துகளும் பூச்சிகளும் தகடுகளுக்கிடையே அடைந்திருக்கும். எஞ்சின் ஆறியபின், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவுக. வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் சிவப்பை நோக்கி ஏறினால், நீர் மிகக் குறைந்திருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றிருக்கலாம். மேல் ஹோஸ் சூடாகவும் கீழ் ஹோஸ் குளிர்ந்தும் இருந்தால் நீர் சரியாகச் சுற்றவில்லை என்று அறியலாம்.

வெளியே ஒழுக்கு இல்லாமலே நீர் குறைவது, காலையில் எஞ்சினைக் கிளப்பிய உடனே ஹோஸ் கல்போல் இறுகுவது, ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி எழுவது, புகை வெண்மையாக வந்துகொண்டேயிருப்பது, எஞ்சின் எண்ணெய் பாலேடு போல் மாறுவது ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதானதன் அறிகுறிகள். இவை தோன்றியபின் வண்டியை ஓட்டலாகாது. கேஸ்கட் மாற்றும்போது ஹெட் வளைந்துள்ளதா என்று மட்டம் பார்க்காமல் பூட்டினால் அதே பழுது திரும்ப வரும்.

முள்ளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பை நோக்கிச் சென்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் வண்டி குளிர்ந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. உஷ்ணத்தை அளக்கும் உறுப்பு நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். நீர் முழுவதும் வடிந்து அது வெறுவெளியில் நின்றாலும் முள் இறங்கிவிடும். அப்போது உடனே வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

வழியில் செய்யத்தக்கதும் தகாததும்

முள் ஏறுவதைக் கண்டதும் குளிர்சாதனம் இருந்தால் அதை நிறுத்துக. ஹீட்டர் இருந்தால் முழு அளவில் திறந்துவிடுக. அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. ஓரமாக நிறுத்தியபின், நீர் ஒழுகாமலும் முள் சிவப்பைத் தொடாமலும் இருந்தால், எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்தலாம். முள் சிவப்பைத் தொட்டிருந்தாலோ, நீர் கொட்டினாலோ அக்கணமே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறத்தல் பெரும் ஆபத்து. அழுத்தம் நீங்கியதும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்து, ஹோஸ் அமுங்கும்படி ஆறியபின், தடித்த துணியை மேலே போட்டு, மூடியைச் சிறிது திருப்பி அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே திறக்க வேண்டும். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு. உலோகம் ஒருபுறம் மட்டும் சட்டென்று சுருங்கி வெடித்துவிடக்கூடும்.

நம்மிடையே நிலவும் இரு வழக்கங்களையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். ஒழுக்கை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது ஒன்று. அது வீடு வந்து சேர உதவலாம். ஆனால் ஒழுக்கை அடைக்கும் தூள் நீர்வழிகளையும் அடைக்கும். மற்றொன்று, சூடேறும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. அதன்பின் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடைய நெடுநேரமாகிறது. டீசல் செலவு கூடுகிறது, எண்ணெய் கெடுகிறது, சிலிண்டர் தேய்கிறது. உண்மையான குறையோ ரேடியேட்டரில் அப்படியே இருக்கிறது. பழுதானால் புதியது பூட்டுவதே முறை.

கிளச்சும் கியர் பெட்டியும்

எஞ்சினின் சக்தி கிளச்சு வழியாகக் கியர் பெட்டியையும், அங்கிருந்து நீண்ட தண்டின் வழியாகப் பின்னச்சின் கிரௌனையும் அடைந்து சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வழியில் குறை எவ்விடத்தில் என்பதை ஒலியைக் கொண்டும் உணர்வைக் கொண்டும் அறியலாம்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி, வண்டியின் வேகம் கூடாதிருந்தால், கிளச் பிளேட் வழுக்குகிறது என்பது பொருள். தீய்ந்த நாற்றமும் அதற்குச் சாட்சி. சமதளத்தில், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், கைப்பிரேக்கை இறுக்கி, கால்பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காம் கியரிட்டுக் கிளச்சை மெதுவாக விடுக. நல்ல கிளச்சாயின் எஞ்சின் நின்றுவிடும். நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளச்சு வழுக்குகிறது. இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்தல் கூடாது. கிளச்சு மிதியின்மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமே பல கிளச்சுகளைத் தின்றுவிடுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ?

இதற்கு மாறாக, கிளச்சை மிதித்தும் கியர் விழ மறுத்தால், சிறப்பாக ரிவர்ஸ் போடும்போது பல் நறநறத்தால், கிளச்சு முழுவதும் விடுபடவில்லை. கிளச்சு எண்ணெய் குறைந்ததாலோ, குழாயில் காற்று புகுந்ததாலோ, கேபிள் தளர்ந்ததாலோ இது நேரலாம். கியர் பெட்டியைக் கழற்றுமுன் இவற்றைப் பார்த்துவிடுவது பெருஞ்செலவைத் தடுக்கும்.

நியூட்ரலில் நிற்கும்போது வரும் இரைச்சல், கிளச்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர் பெட்டியின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால் மட்டும் இரைச்சல் வந்தால் அது ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அக்கியரின் பற்களில் தேய்வு இருக்கலாம். எல்லாக் கியர்களிலும் வேகத்துக்கேற்ப ஊளை கூடினால் பின்னச்சைப் பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் ‘டக்’ என்று ஒலித்தால், தண்டின் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். அதற்கு அவ்வப்போது கிரீஸ் வைப்பது சிறு செலவு. தண்டு கழன்று விழுந்தால் நேர்வது பெரும் விபத்து.

கியர் பெட்டியின் எண்ணெயை ஆண்டுக்கணக்கில் எவரும் பார்ப்பதில்லை. சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டு மரையாணியைக் கழற்றினால், பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வடித்த எண்ணெயில் நுண்ணிய சாம்பற் குழைவு இருப்பது இயல்பே. மின்னும் செதில்களோ பற்துண்டுகளோ வந்தால் பட்டறைக்குச் செல்ல வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த கரிய எண்ணெயைக் கியர் பெட்டியில் ஊற்றுவது சிக்கனமன்று. கியர் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் ஒரே எண்ணெய் பொருந்துமென்றும் கருதலாகாது. பின்னச்சுக்குரிய சில எண்ணெய்களின் மருந்துப் பொருள்கள் கியர் பெட்டியிலுள்ள பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். வண்டியின் கையேட்டில் கண்ட வகையையே வாங்குக.

இரு நோய்க்கும் ஒரே வேர்

சூட்டையும் கியரையும் தனித்தனியே பார்ப்பதால் ஏமாறுவது உண்டு. சிறுமலை ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் ஒரு வண்டியை எண்ணிப் பாருங்கள். உடையவர் ரேடியேட்டரை மாற்றுகிறார்; பின்பு வாட்டர் பம்பை மாற்றுகிறார். சூடு ஓரளவே தணிகிறது. கடைசியில் பார்த்தால் கிளச்சு வழுக்குகிறது. எஞ்சின் இரண்டு பங்கு உழைத்து ஒரு பங்கு வழியே நகர்கிறது. வேகம் குறைவதால் எதிர்க்காற்றும் குறைகிறது. பிரேக் பிடித்தபடியே விடாமல் நிற்கும் சக்கரமும் இவ்வாறே செய்யும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், சக்கரத்தின் நடுவருகே தொடாமல் கையை நீட்டினாலே, ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசுவதை உணரலாம்.

ஆட்டோமேட்டிக் கியருள்ள வெளிநாட்டுப் பிக்-அப் வண்டிகள் பலவற்றில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயும் ரேடியேட்டருக்குள்ளேயே செல்கிறது. அவற்றில் ரேடியேட்டர் கெட்டால் கியர் பெட்டியும் கெடும். கையால் கியர் மாற்றும் நம் பழைய வண்டிகளில் அக்குழாய் இல்லை. இங்கு இரண்டையும் பிணைப்பது பாரமும் ஓட்டும் முறையுமேயாகும்.

மேட்டில் எஞ்சின் திணறத் தொடங்குமுன்னரே கீழ்க் கியருக்கு மாற்றிவிட வேண்டும். மேல் கியரில் முக்கி முக்கி ஏறினால் எஞ்சின் மெதுவாகச் சுழலும். அதனுடன் வாட்டர் பம்பும், பெல்ட்டால் இயங்கும் விசிறியும் மெதுவாகவே சுழலும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய நல்ல விதி. டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைச் சக்தி சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதுவும் கனத்துவிடும்.

ஏற்றத்தக்க பாரத்தைப் பதிவுச் சான்றே சொல்லும். அதில் கண்ட மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே அது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டபின், மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆனால் அபராதம் விதிக்கப்படாத நாளிலும் கிளச்சும் எஞ்சினும் தம் பங்கை வசூலித்துக்கொண்டேயிருக்கின்றன.

ஊராட்சிகள் செய்யக்கூடியது

1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கி, வளர்ச்சி வட்டாரங்களுக்கு ஜீப்புகள் வந்த காலந்தொட்டு, வண்டி ஓடிய தூரத்தையும் எரிபொருளையும் குறித்து வைப்பது நமக்குப் பழக்கமானதே. குப்பை அகற்றவும் குடிநீர் வழங்கவும் ஊராட்சியில் எஞ்சின் வண்டி இருந்தால், அக்குறிப்பேட்டில் இரண்டு பத்திகளைச் சேர்த்துவிடுக. ரேடியேட்டரில் இன்று ஊற்றிய நீர் எவ்வளவு, எஞ்சினில் சேர்த்த எண்ணெய் எவ்வளவு என்பனவே அவை. மூடியிட்ட ரேடியேட்டரில் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டிய தேவையில்லை. வாரத்துக்கு ஒரு லிட்டர் என்றிருந்தது நாளுக்கு ஒரு லிட்டர் ஆனால், பெரும் பழுது வருவதை அந்த ஏடு முன்கூட்டியே அறிவித்துவிடும்.

சொந்த வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, நீர், எண்ணெய், பெல்ட், ஹோஸ், வண்டியின் அடியில் தரையில் விழுந்துள்ள சொட்டு ஆகிய ஐந்தையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பச்சையாகவோ சிவப்பாகவோ சொட்டியிருந்தால் பெரும்பாலும் கூலண்ட். கறுப்பாயின் எஞ்சின் எண்ணெய். தடித்து நாற்றமடித்தால் கியர் எண்ணெய். பட்டறைக்குச் செல்லும்போது “வண்டி சூடாகிறது” என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எவ்வளவு பாரத்தில், எந்தக் கியரில் என்பதையும் சொல்லுங்கள். செலவில்லாச் சோதனைகளை முதலிலும், உறுப்பு மாற்றுவதைக் கடைசியிலும் செய்யுமாறு கேளுங்கள்.

ஏரில் பூட்டிய மாடு இரை எடுக்கவில்லையென்றால் அன்றே கவனிக்கும் மரபு நம்முடையது. அந்த மாட்டின் இடத்தில் இன்று நிற்கும் வண்டியிடமும் அதே கருத்தைச் செலுத்தினால், பறித்த பூவும் காயும் வாடாமல் சந்தை சேரும். உழைப்பின் பயனும் பட்டறைக்குப் போகாமல் வீடு வந்து சேரும்.